புலமைப்பரிசிலா, ஆய்வு நிதியா: முதலில் எதைத் தேடுவது?

கேள்வி: மிஸ், நான் சமூகப்பணியில் இளமாணி முடித்து, கொழும்பு வடக்கில் ஒரு தொண்டு நிறுவனத்தில் மூன்று வருடமாக வேலை செய்கிறேன். முடுக்கு வீடுகளில் இருந்து தொடர்மாடிக்கு மாற்றப்பட்ட குடும்பங்களோடுதான் எங்கள் வேலை. நீரிழிவு உள்ள பல அம்மாமார் வீடு மாறிய பிறகு கிளினிக் போவதை விட்டுவிட்டார்கள். இதை ஆய்வு செய்ய வேண்டும் என்று ஆசை. நாற்பது பேரின் விபரங்களை எழுதி வைத்திருக்கிறேன், அவர்களுடைய கிளினிக் கொப்பிகளையும் போனில் படம் எடுத்திருக்கிறேன். இதற்கு நிதி எங்கே எடுக்கலாம்? வெளிநாட்டுப் புலமைப்பரிசிலுக்குப் போடுவதா, நேரே கலாநிதிப் பட்டத்துக்கே போடுவதா? ஐம்பதாயிரம் கட்டினால் எல்லாம் செய்து தருவதாக ஒரு முகவர் சொல்கிறார். நான் தமிழ்மூலம் படித்தவள், ஆங்கிலம் சுமார்தான். சுகாதார ஆய்வு என்றால் டாக்டர்மார்தானே செய்யலாம் என்றும் சிலர் சொல்கிறார்கள்.
(வாசகி, கொழும்பு 13)

பதில்: முகவருக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள். பிரித்தானியாவின் செவனிங், அமெரிக்காவின் ஃபுல்பிரைட், கொமன்வெல்த் என்ற புலமைப்பரிசில்கள் எதற்குமே விண்ணப்பக் கட்டணம் கிடையாது. அவற்றுக்கான கட்டுரைகளை இன்னொருவர் எழுதித் தந்தால் நேர்முகத்தில் மாட்டிக்கொள்வீர்கள், ஏனென்றால் அங்கே அந்தக் கட்டுரைகளைக் கையில் வைத்துக்கொண்டுதான் கேள்வி கேட்பார்கள். முகவர் ஆய்வு நிதி எடுத்துத் தருவது என்பது இந்தத் துறையில் இல்லாத வழக்கம். உங்கள் பெயர் ஏதாவது ஒரு பட்டியலில் ஏறிய பிறகு இன்னொரு வகையும் வரும்: 'உங்கள் சிறப்பான ஆய்வுக் கட்டுரையை வாசித்தோம், எங்கள் சர்வதேச மாநாட்டில் உரையாற்ற வாருங்கள், பதிவுக் கட்டணம் இத்தனை டொலர்.' நீங்கள் இன்னும் ஒரு கட்டுரையும் வெளியிடவில்லை. எதை வாசித்தார்களோ தெரியாது, அழித்துவிட்டு வேலையைப் பாருங்கள்.

சரி, விஷயத்துக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் இரண்டு ஆசைகள் பின்னிக் கிடக்கின்றன: படிக்கப் போக வேண்டும் என்பது ஒன்று, இந்த அம்மாமாருக்கு என்ன நடக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும் என்பது மற்றது. புலமைப்பரிசில் ஆளைப் பார்த்துக் கொடுப்பது. ஆய்வு நிதியைப் பெரும்பாலும் நிறுவனத்தின் பெயரில்தான் கொடுப்பார்கள். பல்கலைக்கழகமோ ஆய்வு நிறுவனமோ கணக்கை வைத்திருக்கும், பொறுப்பான ஆய்வாளர் ஒருவர் கையொப்பமிடுவார், பணம் அவர் வழியாக வரும். அதனால் 'எனக்கு எங்கே நிதி கிடைக்கும்' என்று தேடுவதை விட 'என்னோடு சேர்ந்து எந்த நிறுவனம் விண்ணப்பிக்கும்' என்று தேடுவதுதான் உங்களுக்கு இப்போது தேவை. தனியாளாக இணையத்தில் தேடிக் களைத்துப்போகிறவர்கள் பலரும் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

அதற்கு முன்னால் அந்த நாற்பது பேர். கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது அந்த வரிதான்.

நீங்கள் நல்ல எண்ணத்தோடு எழுதி வைத்தீர்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்தக் குறிப்புகளை ஆய்வுத் தரவாகப் பயன்படுத்த முடியாது. ஒழுக்கவியல் மீளாய்வுக் குழுக்கள், ஏற்கெனவே சேகரித்து முடித்த தரவுக்குப் பின்தேதியிட்டு அனுமதி கொடுப்பதில்லை. அந்த அம்மாமார் உங்களிடம் வாய் திறந்தது நீங்கள் உதவ வந்த பிள்ளை என்பதால். ஆய்வுக்கு அவர்கள் சம்மதம் தரவில்லை. கிளினிக் கொப்பியில் பெயர், வயது, முகவரி, சீனியின் அளவு, சில வேளைகளில் மனநல மருந்தின் பெயர்கூட இருக்கும். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சுகாதாரத் தகவலைக் கூடுதல் பாதுகாப்புத் தேவைப்படும் தனி வகையாக வைத்திருக்கிறது. அது உங்கள் சொந்தப் போனில், குடும்பப் படங்களுக்கும் மீம்களுக்கும் நடுவில், கூகுளில் தானாகப் பதிவேறிக்கொண்டு இருக்கக் கூடாது. உங்கள் பணிப்பாளரிடம் சொல்லுங்கள். சேவைக்குத் தேவையான விபரம் நிறுவனத்தின் கோப்புக்குப் போகட்டும், மற்றது போனிலிருந்தும் அதன் காப்புப் பிரதிகளிலிருந்தும் அழியட்டும். மறைத்து வைத்துக்கொண்டு பிறகு நிதி கேட்கும் ஆய்வு முன்மொழிவில் 'ஆரம்பத் தரவு' என்று போட்டால், வாசிக்கிற குழுவின் முதல் கேள்வியே 'இதற்கு யார் அனுமதி தந்தார்கள்' என்பதாகத்தான் இருக்கும்.

அப்படியென்றால் மூன்று வருட வேலை வீணா? இல்லவே இல்லை. பெயர் எதையும் சொல்லாமல், 'களப்பணியில் நான் கவனித்தது' என்று இரண்டு வரியில் அதை எழுதலாம். கேள்வி அங்கிருந்துதான் பிறக்கிறது. அந்தக் கேள்வியை மருத்துவ பீடம் இருக்கிற கின்சி வீதியில் இருந்து யோசிப்பவர்களுக்குக் கிடைக்காத ஒன்று உங்களிடம் இருக்கிறது.

டாக்டர்மார்தான் சுகாதார ஆய்வு செய்யலாம் என்பது பாதி உண்மைகூட இல்லை. பட்டப்பின்படிப்பு மருத்துவ நிறுவகத்தின் சமூக மருத்துவப் பட்டங்கள் மருத்துவப் பட்டதாரிகளுக்கானவை, அது சரி. ஆனால் சுகாதாரச் சமத்துவம் என்கிற துறையே நோய்க்குக் காரணம் வைத்தியசாலைக்கு வெளியே இருக்கிறது என்பதில்தான் எழுந்து நிற்கிறது. உலக சுகாதார நிறுவனத்துக்காக மைக்கல் மார்மட் தலைமையில் இயங்கிய ஆணைக்குழு 2008 இல் தந்த அறிக்கை வீடு, வேலை, வருமானம், அதிகாரம் என்றுதான் பேசியது. இவை உங்கள் துறையின் சாமான்கள். நடைமுறையில் உங்களுக்கு ஒரு சமூக மருத்துவ நிபுணர் தேவை, அவருக்கும் உங்களைப் போன்ற ஒருவர் தேவை. கேள்விக்கொத்தும் புள்ளிவிபரமும் அவருக்குக் கைவந்த கலை. மட்டக்குளியில் ஒரு மாடிப்படியில் உட்கார்ந்து ஒரு அம்மாவைத் தமிழில் ஒரு மணித்தியாலம் பேச வைக்க அவரால் முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

கொழும்பு மருத்துவ பீடத்தின் சமூக மருத்துவத் துறை, கொழும்புப் பல்கலைக்கழகத்தின் சமூகவியல் துறை, நீங்கள் படித்த தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகம், இந்த மூன்றிலும் ஒவ்வொருவரைத் தேடுங்கள். தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகத்தில் சமூகப்பணி முதுமாணி இருக்கிறது. எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்: உங்கள் நிலையில் இந்த ஆய்வை ஒரு முதுமாணி ஆய்வாகவே செய்வதுதான் புத்தி. மேற்பார்வையாளர், நிறுவனம், ஒழுக்கவியல் அனுமதிக்கான பாதை, ஒரே கல்லில் மூன்று மாங்காய். வேலையையும் விட வேண்டியதில்லை. வெளிநாட்டுக்குப் போகிறவர்களை நான் தடுப்பதில்லை. ஆனால் லீட்ஸிலோ மெல்பேணிலோ இருந்துகொண்டு ஜம்பட்டா வீதி அம்மாமாரை ஆய்வு செய்வது எவ்வளவு வில்லங்கம் என்பது போன பிறகுதான் தெரியும். ஒரு வருட முதுமாணியில் களத்துக்குத் திரும்பி வரக் காலமே இருக்காது.

இப்போது கேள்வியைப் பார்ப்போம். 'தொடர்மாடிக்கு மாற்றப்பட்ட நீரிழிவுப் பெண்களின் சுகாதாரப் பிரச்சினைகள்' என்று கடிதத்தின் கீழே ஒரு தலைப்புப் போட்டிருந்தீர்கள். இதற்கு யாரும் பணம் தரமாட்டார்கள். உலகத்தையே அள்ளப் பார்க்கிற தலைப்பு இது. கடிதத்தின் நடுவில் நீங்களே இதை விட நல்ல கேள்வியைச் சொல்லிவிட்டுக் கடந்து போயிருக்கிறீர்கள்: வீடு மாறிய பிறகு கிளினிக் நின்றது. ஏன் நின்றது? அரச வைத்தியசாலைக் கிளினிக்குகள் பெரும்பாலும் கிழமை நாட்களில் காலையில்தான். சந்தையில் நாட்கூலிக்கு நிற்பவருக்கும் வீட்டு வேலைக்குப் போகிறவருக்கும் ஒரு கிளினிக் நாள் என்பது ஒரு நாள் சம்பளம். 2011 இல் இருந்து தொற்றாநோய்ப் பரிசோதனைக்கென்று நடத்தப்படுகிற ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களிலும் வேலை நேரம் என்கிற இதே இடைஞ்சல்தான். இதெல்லாம் முடுக்கில் இருந்தபோதும் இருந்ததே, அப்போது எப்படிப் போனார்கள்? பக்கத்து வீட்டுக்காரி பிள்ளையைப் பார்த்துக்கொண்டாளா? கூடவே கிளினிக் போகிற கூட்டம் ஒன்று இருந்ததா? பத்தாம் மாடியில் அது கலைந்துவிட்டதா? லிப்ட் வேலை செய்யாத நாளில் முழங்கால் வலியோடு யார் இறங்குவார்? பாமசியில் கைக்காசுக்கு நீரிழிவு மருந்தான மெற்போமின் வாங்கிச் சமாளிக்கிறார்களா, அதையும் பாதியாக வெட்டிப் போடுகிறார்களா?

இதில் ஒன்றைப் பிடியுங்கள். 'குடிபெயர்வுக்கு முன்னும் பின்னும் கிளினிக் போவதற்கு உதவிய அயல் உறவுகள்' என்று சுருக்கினால் அது சமூகப்பணிக் கேள்வி. ஒரு வருடத்தில், இருபது இருபத்தைந்து நேர்காணலில் முடிக்கக்கூடிய கேள்வி.

முன்மொழிவின் முதல் பக்கத்தில் ஏன் இந்த ஆய்வு என்று சொல்ல உங்களுக்கு நல்ல வாதம் ஒன்று இருக்கிறது. நம் நாட்டில் சுகாதார ஏற்றத்தாழ்வு என்றதும் எல்லோரும் மலையகத்தைத்தான் சொல்வார்கள், காரணத்தோடுதான். 2016 குடித்தொகை மற்றும் சுகாதார ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்டோரில் வயதுக்கேற்ற உயரமில்லாத பிள்ளைகள் நாடு முழுவதும் ஏறக்குறைய 17 சதவீதம், தோட்டத்துறையில் 32 சதவீதம் அளவு. அந்த இடைவெளி கண்ணுக்குத் தெரிகிறது என்றால், தோட்டத்துறை என்று தனி நிரல் ஒன்று இருப்பதால்தான். அந்த ஆய்வு நாட்டை நகரம், கிராமம், தோட்டம் என்று மூன்றாகப் பிரிக்கிறது. வசதியானவர்கள் வாழும் கறுவாத்தோட்டமும் முடுக்குகள் உள்ள கொட்டாஞ்சேனையும் ஒரே 'நகரம்' என்ற பெட்டிக்குள் விழுகின்றன. சராசரி அழகாக வரும், முடுக்கு மறைந்துபோகும். இதை நாலு வரியில் எழுதுங்கள், மதிப்பீட்டாளர் நிமிர்ந்து உட்காருவார். மார்மட் அறிக்கையை ஒரு பக்கம் மேற்கோள் காட்டினால் அவர் கொட்டாவி விடுவார், அதை அவர் நூறு முன்மொழிவில் வாசித்திருப்பார்.

அனுமதி விஷயம் கொழும்பில் கொஞ்சம் சுற்று வழி. மாநகர எல்லைக்குள் நோய்த்தடுப்பும் தாய்சேய் நலமும் கொழும்பு மாநகர சபையின் பொதுச் சுகாதாரத் திணைக்களத்திடம். தேசிய வைத்தியசாலை மத்திய அமைச்சின் கீழ். ஒழுக்கவியல் குழு 'ஆம்' என்றாலும், எந்த வாசலில் நின்று ஆட்களைச் சந்திக்கப் போகிறீர்களோ அந்த நிர்வாகத்தின் கடிதமும் வேண்டும். நீங்கள் கிளினிக்குக்குப் போகாமல், உங்கள் நிறுவனத்தின் வழியாகத் தொடர்மாடியிலேயே ஆட்களைச் சந்தித்தால் ஒரு வாசல் குறையும். ஆனால் அப்போது 'உதவி நின்றுவிடுமோ என்ற பயத்தில் சம்மதித்தார்களா' என்று குழு கேட்கும். நியாயமான கேள்விதான். நேர்காணலுக்கு வேறொருவரை அனுப்புவது, இல்லாவிட்டால் நீங்கள் நேரடியாக உதவாத வேறு தொடர்மாடியைத் தெரிவது என்று பதிலை முன்கூட்டியே வைத்திருங்கள். தகவல் தாளும் சம்மதப் படிவமும் மூன்று மொழியிலும் கேட்பார்கள். தமிழ்ப் பிரதியை அலுவலகத்தில் யாராவது ஒரு அம்மாவிடம் வாசித்துக் காட்டிவிட்டு அனுப்புங்கள்.

வரவுசெலவில் எல்லோரும் மடிகணினியைப் போட்டுவிட்டு முக்கியமானதை விட்டுவிடுகிறார்கள். இந்த ஆய்வில் பணம் தின்னப்போவது ஒலிப்பதிவை எழுத்தாக்குவது. ஒரு மணித்தியாலப் பேச்சைச் சொல்லுக்குச் சொல் எழுத ஐந்தாறு மணித்தியாலமாவது போகும், கொழும்புத் தமிழில் சிங்களமும் கலந்து வரும்போது இன்னும் கூட. அப்புறம் மேற்பார்வையாளர் வாசிக்க ஆங்கில மொழிபெயர்ப்பு, அது தனிச் செலவு. பங்குபற்றுகிறவருக்கு இழந்த வேலை நேரத்துக்கும் பஸ்ஸுக்கும் ஈடு கொடுங்கள். அதைச் சம்மதத்தை வாங்கும் காசாகத் தோன்றாத அளவில், ஒழுக்கவியல் குழுவுக்குச் சொல்லியே கொடுங்கள். பேசப் பேச யாராவது உடைந்து அழுதால் அனுப்ப உளவள ஆலோசகர் ஒருவர் ஏற்பாடாக இருக்க வேண்டும், அதற்கும் ஒரு வரி. நிறுவனம் நிர்வாகச் செலவு என்று ஒரு வீதம் பிடிக்கும். அதை முதலிலேயே கேட்டு வையுங்கள், கடைசி நாளில் கேட்டால் கணக்கு முழுவதும் குலையும்.

பணம் எங்கே என்பதற்கு இப்போது வருகிறேன். ஆய்வுக்கு நம் நாடு செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.1 சதவீதத்தைச் சுற்றித்தான் நிற்கிறது, ஆகவே உள்ளூரில் பெரிய தொகையை எதிர்பார்க்க வேண்டாம். தேசிய விஞ்ஞான மன்றம், தேசிய ஆராய்ச்சி சபை இரண்டின் அறிவித்தல்களையும் உங்கள் மேற்பார்வையாளரோடு சேர்ந்து பாருங்கள், பெயரில் விஞ்ஞானம் இருக்கிறதே என்று ஒதுங்காதீர்கள். சமூகப்பணிப் பள்ளிகளின் சர்வதேச சங்கம் சிறு திட்டங்களுக்கு உதவுகிறது, அதுவும் உறுப்பினரான கல்வி நிறுவனங்களின் வழியாக.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2019 பெண்களின் நல்வாழ்வு ஆய்வின்படி, துணையோடு வாழ்ந்த பெண்களில் ஐந்தில் ஒருவர் தம் வாழ்நாளில் துணையால் உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளானவர். கிளினிக் நின்றதற்குப் பின்னால் வீட்டுக்குள் கதவைப் பூட்டும் ஒரு கணவன் இருக்கலாம். ஆய்வில் அது மேலெழுந்தால் உடனே, வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் வைத்தியசாலையின் நட்பு நிலையத்துக்கு வழிகாட்டத் தயாராக இருங்கள். பிற்காலத்தில் அதுவே உங்கள் கேள்வியானால், தென்னாபிரிக்காவைத் தளமாகக் கொண்ட பாலியல் வன்முறை ஆய்வு முன்முயற்சி நம்மைப் போன்ற நாடுகளின் ஆய்வுகளுக்கே நிதி தருகிறது.

அமெரிக்க நிதியை நம்பி இப்போதைக்குத் திட்டம் போடாதீர்கள். 2025 இல் அமெரிக்காவின் வெளிநாட்டு உதவி முகவரகமான யூஎஸ்எய்ட் கலைக்கப்பட்டது. அந்நாட்டுத் தேசிய சுகாதார நிறுவகங்கள் சமத்துவம் சார்ந்த பல ஆய்வு மானியங்களை இடைநடுவில் நிறுத்தின, வெளிநாட்டுத் துணை நிறுவனங்களுக்குப் பணம் போகும் வழியையும் மாற்றின. பிரித்தானியாவும் தன் வெளிநாட்டு உதவியைத் தேசிய வருமானத்தின் 0.5 சதவீதத்தில் இருந்து 2027 இல் 0.3 ஆகக் குறைப்பதாக அறிவித்திருக்கிறது. கதவுகள் முழுதாகச் சாத்தப்படவில்லை, ஆனால் ஒரே கதவில் நின்று தட்டிக்கொண்டிருக்கிற காலம் இது இல்லை.

படிக்கப் போவதென்றால், உங்கள் மூன்று வருட வேலை பெரிய முதல். செவனிங் இரண்டு வருட வேலை அனுபவம் கேட்கிறது, 2,800 மணித்தியாலம், உங்களுக்கு அது தாராளமாக இருக்கிறது. ஒரு வருட முதுமாணிக்கு மட்டும்தான் தருவார்கள், முடிந்ததும் நாடு திரும்பி இரண்டு வருடம் இங்கே இருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் எரஸ்மஸ் முண்டஸ் திட்டத்தில் குடும்பங்களுடனும் பிள்ளைகளுடனுமான சமூகப்பணிக்கென்றே ஒரு கூட்டு முதுமாணி லிஸ்பனை மையமாகக் கொண்டு நடக்கிறது. தெரிவானவர்களுக்குக் கற்கைக் கட்டணம் இல்லை, மாதம் 1,400 யூரோ வரை கிடைக்கும். கலாநிதிப் பட்டத்தை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். அமெரிக்காவில் சமூகப்பணிக் கலாநிதிக்குப் பெரும்பாலும் முதுமாணியும் கள அனுபவமும் கேட்பார்கள், சேர்ந்துவிட்டால் பல்கலைக்கழகமே கற்கைக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து உதவிப்பணமும் தருவது வழக்கம். அங்கே தனிப் புலமைப்பரிசில் தேடி அலைய வேண்டியதில்லை. முதுமாணியும் ஒரு சிறிய ஆய்வும் கையில் இருந்தால் அந்த விண்ணப்பம் தானாகவே கனக்கும்.

பரிந்துரைக் கடிதம் பெரிய பதவியில் இருப்பவரிடம்தான் வாங்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். உங்கள் வேலையைக் கிட்டத்தில் இருந்து பார்த்த திட்ட முகாமையாளர், 'வெள்ளத்தின்போது ஒரே நாளில் இத்தனை குடும்பங்களின் மருந்தை ஒழுங்கு செய்தவர்' என்று எழுதுகிற ஒரு வரி, உங்கள் முகமே தெரியாத பணிப்பாளர் நாயகத்தின் முத்திரையை விடப் பெறுமதி. கடைசித் திகதிக்கு ஒரு மாதம் முன்னராவது கேளுங்கள், செய்த வேலைகளின் குறிப்பொன்றையும் கையில் கொடுங்கள்.

ஆங்கிலம்: அது தடைதான், இல்லையென்று பொய் சொல்லமாட்டேன். பல்கலைக்கழகங்கள் சமூக விஞ்ஞானக் கற்கைகளுக்குப் பெரும்பாலும் ஐஈஎல்ரிஎஸ் 6.5 அளவு கேட்கும், எழுத்துப் பகுதியில்தான் நம் பிள்ளைகள் விழுகிறார்கள். நாளாந்த வேலை அறிக்கையை இன்றிலிருந்து ஆங்கிலத்தில் எழுதத் தொடங்குங்கள், யாராவது சிவப்புப் பேனையால் திருத்தட்டும். ஆனால் முன்மொழிவைத் தமிழில் யோசித்துத் தமிழிலேயே முதலில் எழுதுங்கள். கேள்வி தெளிவாக இருந்தால் மொழிபெயர்க்க ஆள் கிடைக்கும். குழம்பிய கேள்வியை எந்த ஆங்கிலமும் காப்பாற்றாது.

மேற்பார்வையாளருக்குப் போடும் மின்னஞ்சல் பத்து வரிக்கு மேல் போக வேண்டாம். நீங்கள் யார், எங்கே வேலை, என்ன கவனித்தீர்கள், என்ன கேள்வி, அவரிடம் வேண்டுவது அரை மணித்தியாலச் சந்திப்பு, அவ்வளவுதான். சுயவிபரக் கோவையை இணைக்க வேண்டாம், அவர் கேட்டால் அனுப்பலாம். இரண்டு கிழமை பார்த்துவிட்டு ஒருமுறை ஞாபகப்படுத்துங்கள், பதில் இல்லையென்றால் அடுத்தவருக்குப் போடுங்கள். பரீட்சைக் காலத்தில் யாரும் பதில் போடமாட்டார்கள், அதை மனதில் எடுக்காதீர்கள். அதற்கிடையில் கேள்வியை ஒரு பக்கத்துக்குள் எழுதி, விருப்பமென்றால் எனக்கும் அனுப்புங்கள். பார்த்துச் சொல்கிறேன்.